பெயர் எழுதிய குறிப்பேடு

(பங்கின் பவள விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில், பங்குச் சமூகப் பணிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

"கொரோனாக் காலத்தில் சமூகப் பணியும் உரிமைக் குரலும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். பொருளுக்குள் புகுமுன் ஒரு சிறு செய்தி. இவ்விழா மலருக்காக நம் பங்கின் பழைய வரலாற்றைத் திரட்ட முனைந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தவை எவை? கோவில் மணியா? கொடிமரமா? இல்லை. கறையான் அரித்தது போக எஞ்சி நிற்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளே கைகொடுத்தன. அந்நாளைய உபதேசியார் ஒருவர், கட்டைப் பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்து, பண்ணையார் மகனையும் பண்ணையாள் மகளையும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதினார், ஆகவே அவர்கள் இருந்தார்கள் என்று நாம் அறிகிறோம். எழுதாது விட்டிருந்தால் இன்று யார் அறிவார்?

இந்தப் பதிவேட்டை மனத்தில் வைத்துக்கொண்டே, எவருடைய பதிவேட்டிலும் இல்லாத மக்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். இடையே இருந்தது நான்கு மணி நேரம். சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுபோனார்கள். ஆலை மூடியது, கூலி நின்றது, இரயிலும் பேருந்தும் நின்றன.

அதே நள்ளிரவில் சமூகப் பணியாளர்களின் கைகளும் கட்டுண்டன. அதுவரை ஏழைகளுக்காகக் குரல் கொடுப்பவர்களிடம் இருந்த கருவிகள் யாவை? பொதுக்கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம், வீடு வீடாகச் சென்று சந்தித்தல், நூறு பேராகத் திரண்டு சென்று அதிகாரியிடம் மனுக் கொடுத்தல். இவை அனைத்தும் கூட்டத்தால் நடப்பவை. கூட்டமே நோயைப் பரப்பும் என்னும்போது கூட்டத்தை நம்பியவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு நாடெங்கும் பலர் பல வகையில் விடை கண்டார்கள். நாங்கள் கண்டது மிகச் சிறிது. அதுவும் தவறிய பிறகே கண்டோம். எனவே எங்கள் குறையைச் சொல்லியே தொடங்குகிறோம்.

ஊரடங்கின் முதல் வாரத்திலேயே உங்கள் கொடையால் அரிசி மூட்டைகள் வந்து சேர்ந்தன. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், ஒரு சோப்புக் கட்டி எனப் பை கட்டினோம். அனுமதிச் சீட்டுப் பெற்ற இருவர், நம் பங்கைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளின் பின்புறத்து லைன் வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். கொடுக்கும்போது நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். ஓர் அறையில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் எழுவர் இருந்தனர். இருமுறை அரிசி கொடுத்தோம். இரண்டாம் முறை, அவர்களுள் சிறிது தமிழ் அறிந்தவர், "அண்ணா, அரிசி இருக்கு. சம்பளம் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார். விசாரிக்கிறோம் என்று சொல்லி வந்தோம்.

விசாரிக்கவும் செய்தோம். தொலைபேசியில் பேசிய அலுவலர் பொறுமையாகவே கேட்டார்: "ஆட்களின் பெயர் என்ன? எந்தக் கம்பெனி? எத்தனை நாள் கூலி பாக்கி?" மூன்று கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. கேட்டு வரலாம் என்று போனபோது அறை பூட்டிக் கிடந்தது. முந்தைய இரவே சைக்கிளில் புறப்பட்டுவிட்டதாக அண்டை வீட்டார் கூறினர். எங்கே போய்ச் சேர்ந்தார்கள், சேர்ந்தார்களா என்பதை இன்றளவும் நாங்கள் அறியோம். எழுவரும் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிழற்படம் எங்களிடம் இருக்கிறது. ஒருவர் பெயரும் எங்களிடம் இல்லை.

அன்று மாலையே, எங்கள் குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர், நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடு கிழித்தார். பெயர், சொந்த ஊர், அறையில் எத்தனை பேர், கையிருப்பில் எத்தனை நாள் அரிசி, எத்தனை நாள் கூலி பாக்கி, ரேஷன் அட்டை உண்டா என்று பத்திகள் அமைத்தார். வீட்டை விட்டு வெளியே வர இயலாத முதியோரும் பெண்களும் செல்பேசியில் அழைத்துக் கேட்டு எழுதினார்கள். இந்தி அறிந்த அருட்சகோதரி ஒருவர் ஒரு நாளில் பல மணி நேரம் பேசினார். ஊர்வலத்தில் முன்னால் நடந்தறியாதவர்கள் இப்பணியில் முன்னால் நின்றார்கள். அவ்வாறு இரண்டு குறிப்பேடுகள் நிறைந்தன. அவற்றைக் கொண்டு மனு எழுதினோம். சிலருக்குக் கூலி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் "யார், எங்கே, எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு அதன்பின் ஒருபோதும் நாங்கள் வாயடைத்து நின்றதில்லை.

அன்பர்களே, நம் சிற்றூரில் நாற்பது பக்கக் குறிப்பேட்டில் நடந்தது, நாடளாவிய அளவில் பன்மடங்கு திறமையோடு நடந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள், அதாவது மார்ச் 27 அன்று, தன்னார்வலர் சிலர் கூடி ஸ்ட்ராண்டட் வொர்க்கர்ஸ் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினர். சுருக்கமாக ஸ்வான் என்பர். ஊர் திரும்ப இயலாமல் தவிக்கும் தொழிலாளருக்கான அமைப்பு என்பது இதன் பொருள். கூடினர் என்றோம், ஒரே அறையில் அன்று, செல்பேசியில் கூடினர். பல மொழி பேசுவோர் பல ஊர்களிலிருந்து, தவிக்கும் தொழிலாளரின் அழைப்பை ஏற்றனர். உணவு கிடைக்கும் வழி காட்டினர். அவசரமானால் வங்கிக் கணக்கிற்குச் சிறு தொகை அனுப்பினர். இவ்வளவோடு நின்றிருந்தால் அது தருமம் மட்டுமே. ஆனால் ஒவ்வோர் அழைப்பையும் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

ஏப்ரல் 15 அன்று அவ்வெழுத்துகள் ஓர் அறிக்கையாக வெளிவந்தன. அதுவரை 11,159 தொழிலாளரின் நிலையை அவர்கள் அறிந்திருந்தார்கள். விசாரித்தவர்களுள் 100க்கு 96 பேருக்கு அரசின் ரேஷன் பொருள் கிடைக்கவில்லை; 100க்கு 89 பேருக்கு ஊரடங்கு நாட்களுக்கான கூலி அறவே கொடுக்கப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறிற்று. பசியென்று அழைத்த ஒருவரின் குரல் ஒரு வீட்டுக்குள் ஒலித்து அடங்கிவிடும். பதினோராயிரம் பேரின் நிலையைத் தொகுத்து எழுதினால், பத்திரிகைகள் அச்சிட்டாக வேண்டும். அதிகாரிகள் படித்தாக வேண்டும். ஊர்வலம் போக முடியாத காலத்தில் எழுத்தே ஊர்வலமாயிற்று.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மார்ச் 31 அன்று, சாலைகளில் நடந்து செல்லும் தொழிலாளர் இப்போது எவருமிலர் என்று மத்திய அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் கூறப்பட்டது. ஆனால் மே 8ஆம் நாள் விடியற்காலையில், மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்து செல்லும் வழியில் களைத்துத் தண்டவாளத்தில் படுத்திருந்த தொழிலாளர் 16 பேர் சரக்கு இரயிலில் அடிபட்டு மாண்டனர். அவர்களின் காய்ந்த சப்பாத்திகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததைப் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் பார்த்தோம்.

பின்னர், அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அத்தகைய கணக்கு ஏதும் வைக்கப்படவில்லை என்று அரசு விடையளித்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று மட்டும் கூறப்பட்டது. திரும்பியவருக்குக் கணக்கு உண்டு; திரும்பாமற்போனவருக்கு இல்லை! இத்தனைக்கும், வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும், அவர்களை அழைத்து வருவோர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தது; பதிவேடு மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

இந்நிலையில் உரிமைக்காகப் போராடுவோர் நீதிமன்றத்தை நாடினர். அங்கும் காலம் மாறியிருந்தது. வழக்குகள் காணொளி வழியே விசாரிக்கப்பட்டன. கறுப்பு அங்கி அணிந்தோர் கூடத்தில் அன்றித் திரையில் தோன்றினர். தொழிலாளருக்குக் கூலி வழங்கக் கோரிச் சமூக ஆர்வலர்கள் ஹர்ஷ் மந்தரும் அஞ்சலி பரத்வாஜும் தொடுத்த வழக்கு, ஏப்ரல் மாதத்தில் திட்டமான ஆணை எதுவும் இன்றி முடிந்தது. அதனால் மனந்தளர்ந்து விட்டார்களா? இல்லை. மே 26 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே இப்பிரச்சினையைக் கையில் எடுத்தது. தொழிலாளரிடம் பயணக் கட்டணம் வாங்கலாகாது என்று மே 28 அன்று கூறிற்று. மறு ஆண்டு இரண்டாம் அலையின்போது ஆர்வலர்கள் மீண்டும் முறையிட்டனர். 2021 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது: எந்த மாநிலத்து அட்டையாயினும் எந்த மாநிலத்திலும் ரேஷன் வழங்கும் திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஜூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும், அமைப்புசாராத் தொழிலாளரைப் பதிவு செய்யும் பணியையும் அதே நாளுக்குள் தொடங்க வேண்டும் என்று. அவ்வாறே ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் என்னும் தேசியப் பதிவேடு திறக்கப்பட்டது. இன்று அதில் 30 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் உள்ளது. பெயர் இருந்தால் மட்டும் சோறு வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வாராது. ஆயினும் பெயரே இல்லாதவர் கேட்கவும் இயலாது அல்லவா?

இன்னொரு வழக்கும் நினைவுகூரத் தக்கது. ஆலைத் தொழிலாளரை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலியின்றி வேலை வாங்கலாம் என்று குஜராத் அரசு 2020 ஏப்ரலில் அறிவித்தது. ஒரு தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வறிவிப்பை நீக்கி, மிகைநேரக் கூலியையும் கொடுக்க ஆணையிட்டது. வாயிலில் ஒரு கூட்டமும் இல்லை, முழக்கமும் இல்லை, நியாயம் கிடைத்தது.

வழக்குக்கு அப்பாலும் புதுப் புது வழிகள் பிறந்தன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவை மத்திய அரசு அதே ஊரடங்கின் வேளையில் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. கூட்டம் போட்டு விளக்க வழியில்லை. வரைவோ தமிழில் இல்லை. இளைஞர்கள் தாங்களே தமிழாக்கம் செய்து செல்பேசி வழியே பரப்பினர். வட்டார மொழிகளில் வெளியிட வேண்டும் என்று ஜூன் 30 அன்று டில்லி உயர் நீதிமன்றம் கூறிக் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. நாடெங்குமிருந்து லட்சக்கணக்கான கடிதங்கள் மின்னஞ்சலில் குவிந்தன.

நம் மண்ணின் மைந்தரான ஒரு குருவையும் இங்கே எண்ணாதிருக்க முடியாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி அடிகளார், பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் குவளையைப் பிடிக்கக் கை நடுங்குகிறது, உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நவம்பர் மாதம் அவர் நீதிமன்றத்தில் கேட்டார். பதிலளிக்க விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் பெற்றது. அதைக் கேள்வியுற்ற மக்கள் என்ன செய்தார்கள்? கூடிக் கோஷமிட முடியாத காலம். ஆளுக்கொரு உறிஞ்சுகுழலை வாங்கி அஞ்சலில் அனுப்பினார்கள்! பின்னர் அது அவருக்குக் கிடைத்தது, பிணை கிடைக்கவில்லை. விசாரணை தொடங்குமுன்னரே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் செய்த பணிகளுள் ஒன்று யாது தெரியுமா? விசாரணைக் கைதிகளாய் வாடிய பழங்குடி இளைஞர்களைக் குறித்து ஆய்ந்து, அவர்கள் நிலையை எழுதி வெளியிட்டது. அவரும் பெயர் எழுதியவரே.

இவ்வளவும் கேட்டபின், செல்பேசி எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மயக்கம் எங்களுக்கும் சில காலம் இருந்தது. செல்பேசி இல்லாதவர் எங்கள் குறிப்பேட்டில் இல்லை. இருந்தும் ரீசார்ஜ் செய்யக் காசில்லாதவர் பாதிப் பேச்சில் அறுந்துபோனார்கள். ஓர் அறைக்கு ஒரு செல்பேசி என்றால் அது ஆண் கையில்தான் இருந்தது. அடுத்த அறைப் பெண்கள் என்ன பட்டார்கள் என்பது எங்களுக்கு வெகு தாமதமாகவே எட்டியது. பெயரைச் சொல்லவே அஞ்சியவர்களும் உண்டு. "இதை முதலாளியிடம் காட்டுவீர்களா?" என்று கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானது. எழுதியது யார் கைக்குப் போகிறதோ அதைப் பொறுத்தே அது காக்கவும் செய்யும், காட்டிக் கொடுக்கவும் செய்யும். அன்று முதல் அவர் அனுமதியின்றி ஒரு பெயரையும் நாங்கள் வெளியே கொடுத்ததில்லை. நிழற்படம் எடுப்பதையும் நிறுத்தினோம்.

திரையில் முடியாததைத் தெருவே முடித்ததும் உண்டு. வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் இறுதியில் டில்லி எல்லையில் அமர்ந்த உழவர்கள், குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

தொண்டு நிறுவனங்களுக்கும் அது சோதனைக் காலம். 2020 மார்ச் இறுதியில் 92,000க்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்களின் துணையை நிதி ஆயோக் கடிதம் எழுதி வேண்டிற்று. அவையும் ஓடி வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்ற நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கத் தடை வந்தது. நிருவாகச் செலவுக்கான வரம்பு 100க்கு 50லிருந்து 20ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனத்தின் கையைப் பிடித்துச் சிற்றூரில் பணி செய்து வந்த சிறு அமைப்புகள் இதனால் தளர்ந்தன. ஆகவே, உள்ளூர்ப் பணி உள்ளூர்க் காசில் நடக்கப் பழக வேண்டும் என்பது நமக்கு ஒரு பாடம்.

2020 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்கும் உள்ள மக்கள் இயக்கங்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். தெரு வணிகர், குப்பை பொறுக்குவோர், சிறு உழவர், கட்டடத் தொழிலாளர், தையல் தொழிலாளர் ஆகியோரை நினைவுகூர்ந்து, அனைவருக்கும் ஓர் அடிப்படை ஊதியம் வழங்குவதைக் குறித்து எண்ணிப் பார்க்கும் வேளை இதுவாகலாம் என்று எழுதினார். அவர் பேசியது தருமத்தைப் பற்றி அன்று, ஊதியத்தைப் பற்றி. அரிசியை வாங்கிக்கொண்டு சம்பளத்தைக் கேட்டாரே அந்த ஒடிசா இளைஞர், அவரும் கேட்டது அதையேயன்றோ? நாங்கள்தாம் அன்று அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஆகவே, பவள விழா ஆண்டின் நினைவாக நம் பங்கு மக்களிடம் ஒரு விண்ணப்பம். நம் பங்கு எல்லைக்குள் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்காக, ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம், பங்கு மண்டபத்தின் ஓர் அறையைத் திறந்து வைப்போம். அவர் எம்மதத்தினராயினும் ஆகுக. சொந்த ஊர் ரேஷன் அட்டையைக் கொண்டு இங்கே பொருள் வாங்கும் வழி பலருக்கு இன்னும் தெரியாது, சொல்லிக் கொடுப்போம். இ-ஷ்ரம் பதிவுக்குத் துணை செய்வோம். கூலி பாக்கி இருந்தால் மனு எழுதித் தருவோம். வர அஞ்சும் பெண்களிடம் நம் பெண்களே போய் வரட்டும். இதற்கு வேண்டியது பெருநிதி அன்று. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கோடு போட்ட ஒரு குறிப்பேடு, மனிதரை உட்கார வைத்துப் பெயர் கேட்கும் பொறுமை. இன்னொரு கொள்ளைநோயோ வெள்ளமோ வரும் நாளில் கதவடைப்பு வந்தாலும், யார் எங்கே இருக்கிறார் என்று அப்போது நமக்குத் தெரியும்.

பழைய உபதேசியார் எழுதிய பதிவேட்டின் பக்கத்தில் இக்குறிப்பேடும் இருக்கட்டும். நூற்றாண்டு விழாவில் நம் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பார்க்கும்போது, பிழைக்க வந்தவர்களின் பெயரும் அதே மையில் எழுதப்பட்டிருக்கக் காணட்டும். பெயர் தெரியாமல் நாங்கள் வழியனுப்பத் தவறிய அந்த எழுவரும் எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம்.